பாதி கரிசல், பாதி பாறை: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடைக்கால் எடுக்கும் முன்

கேள்வி சுருக்கமாக இது. கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே 14 சென்ட் மனை. கிழக்குப் பாதி கரிசல் மண், மேற்கு ஓரத்தில் பாறை தரைக்கு மேலேயே தலைகாட்டுகிறது. தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்ட எண்ணம். மேஸ்திரி, "பாறை பக்கத்துலயே இருக்குதுங்க, மூணடி வானம் போதும்" என்கிறார் (வானம் என்றால் கடைக்காலுக்கு, அதாவது அஸ்திவாரத்துக்குத் தோண்டும் பள்ளம்). மாமனாரோ பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போடாமல் கரிசலில் கை வைக்காதே என்கிறார். மண் பரிசோதனை உண்மையிலேயே வேண்டுமா, எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இருவர் சொல்வதும் உங்கள் மனையில் ஆளுக்குப் பாதிக்குப் பொருந்தும். முழு மனைக்கும் பொருந்தாது. அதுதான் சிக்கலே. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலும் பொள்ளாச்சிப் பக்கமும் இருபது வருடத்துக்கு மேல் கட்டட வேலை பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஓரளவு மெலிந்த மண்ணில் உட்கார்ந்த வீடு, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இறங்கினால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஒரு பக்கம் கல்லாக நிற்க, மறுபக்கம் ஏறி இறங்கினால் எவ்வளவு சிமென்ட் போட்டிருந்தாலும் சுவர் பிளக்கும். ஆகவே "மண் பலமாக இருக்கிறதா?" என்று கேட்பதற்கு முன் "மனை முழுவதும் ஒரே மாதிரி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும்.

எருத்தேம்பதிப் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கட்டி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. சமையலறை மூலையில் தொடங்கிய விரிசல், ஜன்னல் மட்டத்திலிருந்து லிண்டல் வரை சாய்வாக ஓடியிருந்தது. சித்திரையில் அதில் பென்சில் நுழையும், ஐப்பசி மழைக்குப் பிறகு நகம்கூட நுழையாது. இரண்டு முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த அம்மா, "ஏனுங்க, ஊடு மூச்சு உடுதுங்களா?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. அவர் கேட்டது சரியான கேள்வி. சுவரோரம் தோண்டிப் பார்த்தோம். மேற்குச் சுவர் இரண்டடியிலேயே பாறை மேல் உட்கார்ந்திருந்தது. கிழக்குச் சுவர் மூன்றடியில் கரிசல் மேல். அந்தக் கரிசலுக்கு அடியில் கெட்டித் தரை ஏழடியில் இருந்தது. அன்றைக்கு இன்னும் நாலடி தோண்டியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

இந்த விரிசலை ஒரு பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும் விரிசல் கரிசலின் கையெழுத்து. ஒரே திசையில் கூடிக்கொண்டே போகும் விரிசல் என்றால் மண் இறங்குகிறது, அல்லது அடியில் கொட்டிய மண் இன்னும் படிந்துகொண்டிருக்கிறது.

கரிசல் ஏன் இப்படிச் செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் பெரும்பாலும் செம்மண்ணும் செம்பாறையும்தான். பருத்திக் கரிசல் இருப்பது இந்தச் சித்தூர் கிழக்குப் பகுதியில். மழை குறைவு, வெயில் அதிகம். இந்த மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் தாது இருக்கிறது. அதன் நுண்ணிய தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து தகடுகளைத் தள்ளும், காய்ந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். மாடியோடு கூடிய சாதாரண வீட்டின் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்குக் கடைக்காலோடு சேர்த்துச் சுமார் 6, 7 டன் எடையைத்தான் கீழே இறக்கும். மூன்றடி அகலக் கடைக்காலில் அது சதுர மீட்டருக்கு 7 டன் அளவில் வரும். நன்றாக வீங்கும் கரிசல் நனையும்போது மேல் நோக்கித் தள்ளும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 10 டன்னைத் தாண்டுவது சாதாரணம். அதாவது மண் வீட்டைத் தூக்கிவிடும். "பெரிய வீடு, எடையில் அமுங்கிவிடும்" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. நம் வீடுகள் கரிசலுக்கு லேசானவை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? காசு கொடுக்காமல் கிடைக்கும் தகவலிலிருந்து தொடங்குங்கள். அது இந்த ஊரில் நிறையவே கிடைக்கும்.

முதலில் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகள். கல் கட்டாத திறந்த கிணறு என்றால் அதன் சுவரே மண்ணின் வெட்டுமுகம். மேலே எத்தனை அடி கரிசல், அதற்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்புச் சுக்கான், பிறகு சரளை, கையால் பிட்டால் உதிரும் பாறை, கடைசியில் கெட்டிப் பாறை என்று அடுக்கடுக்காகத் தெரியும். காலை வெயில் உள்ளே விழும் நேரத்தில் போய்ப் பாருங்கள். நாலைந்து கிணறு பார்த்தாலே பாறை எந்தத் திசையில் சரிகிறது என்று பிடிபட்டுவிடும். அப்புறம், சுற்றியுள்ள போர்வெல்களில் கேசிங் பைப் (மேல்மண் சரியாமல் இறக்கும் குழாய்) எத்தனை அடி இறங்கியது என்று கேளுங்கள். ரிக்காரர்கள் கெட்டிப் பாறையில் ஊன்றும் வரைதான் கேசிங் இறக்குவார்கள், ஆகவே அந்த எண் பாறையின் ஆழத்தை ஏறக்குறையச் சொல்லிவிடும். உங்கள் மனைக்கு ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 40 அடி என்று வந்தால் அப்போதே எச்சரிக்கையாகுங்கள்.

அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களையும் பாருங்கள். கூச்சப்படாமல் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். காம்பவுண்ட் சுவர் இன்னும் நல்ல சாட்சி, ஏனென்றால் அதற்கு யாரும் ஆழமாகக் கடைக்கால் எடுப்பதில்லை. பாம்பு போல நெளிந்து நிற்கும் காம்பவுண்ட், கீழே என்ன மண் என்று சொல்லிவிடும்.

மூலத்தறைக் கால்வாய்ப் பாசனம் உங்கள் பக்கம் வருகிறதா என்றும் பாருங்கள். கோடையில் வாய்க்காலில் தண்ணீர் விட்டால், ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது வாய்க்கால் ஓரக் கரிசல் மட்டும் நனைந்து வீங்கும். ஒரே மனையில் ஒரு ஓரம் ஈரம், மறு ஓரம் வறட்சி என்பது இந்த மண்ணுக்கு மிகக் கெட்ட சேர்க்கை.

பத்திரத்தையும் வரி ரசீதையும் எடுத்துப் பாருங்கள். "நிலம்" என்று இருக்கிறதா, "புரையிடம்" (வீட்டு மனை) என்று இருக்கிறதா? நிலம் என்றால் நெல் வயல் கணக்கு. 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதில் வீடு கட்டுவதற்குத் தனி நடைமுறை இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மண் விஷயத்திலும் இது முக்கியம். வயலாக இருந்து பிறகு மண் கொட்டி மேடாக்கிய இடம் என்றால், கொட்டிய மண் மேல் எந்தக் காலத்திலும் கடைக்கால் உட்காரக் கூடாது. எத்தனை வருடம் மழையில் நனைந்து படிந்திருந்தாலும் சரி. அதைத் தாண்டி இயற்கைத் தரைக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு மனையில் குழி. சோதனைக் குழி என்பது ஜேசிபி வைத்து அரை நாளில் முடியும் வேலை. மண் ஆய்வுக்கான இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 1892, சிறிய கட்டடத்துக்கு நடுவில் ஒரு குழியே போதும் என்று அனுமதிக்கிறது. ஒரே சீரான மண்ணுக்கு அது சரி. உங்கள் மனையில் நடுவில் ஒரு குழி போட்டால் அது பாறைக்கும் கரிசலுக்கும் நடுவில் விழுந்து எந்தப் பக்கத்து உண்மையையும் சொல்லாது. வீட்டின் நான்கு மூலையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று என்று ஐந்து போடுங்கள். கடைக்கால் அகலத்தின் ஒன்றரை மடங்கு ஆழம் வரையாவது கடைக்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். நடைமுறையில் 8 அடி, அல்லது கெட்டிப் பாறை, எது முதலில் வருகிறதோ அது வரை. சுவர் வரப்போகும் இடத்துக்குச் சற்று வெளியே தள்ளித் தோண்டுங்கள், இல்லாவிட்டால் குழியை மூடிய மண்ணே நாளைக்கு மெலிந்த இடமாகிவிடும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தடிக்கு மேல் ஆழமான குழியில் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள். கரிசல் செங்குத்தாக அழகாக நிற்கும், சொல்லாமல் கொள்ளாமல் பாளமாகச் சரியும். மேலே நின்று பார்த்தால் போதும். மண் மாதிரியை ஜேசிபி வாளியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

குழியில் பார்க்க வேண்டியவை கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு அடுக்கும் எத்தனை அடியில் தொடங்குகிறது என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள், டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். கரிசலில் வெயில் வெடிப்பு எவ்வளவு ஆழம் வரை இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். பழைய வேர், ஓட்டுச் சில்லு, பிளாஸ்டிக் தென்பட்டால் அது கொட்டிய மண். குழியை ஒரு நாள் விட்டு வைத்து ஊற்று வருகிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் ஒரு குழியை மே மாதமும் இன்னொன்றை நவம்பரிலும் போடுவது நல்லது. நம் பக்கம் இரண்டு பருவமழையின் ஈரமும் சேர்ந்து நிலத்தடி நீர் மேலே நிற்பது ஐப்பசி, கார்த்திகையில்தான். கோடையில் மட்டும் பார்த்துவிட்டு "தண்ணியே இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன், ஆய்வகத்தில் செய்வதும் இதன் திருத்தமான வடிவம்தான். கரிசலை நன்றாகக் காயவைத்து, பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி அளவைக் குழாய்களில் 10 கிராம் வீதம் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய். கிளறிவிட்டு ஒரு நாள் வைத்திருங்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது, தண்ணீரில் வீங்கும். மண்ணெண்ணெயில் நின்ற மண்ணின் அளவைவிடத் தண்ணீரில் எத்தனை சதவீதம் கூடுதல் என்பதுதான் வீக்க எண். 50க்குக் கீழ் என்றால் குறைவு, 50 முதல் 100 வரை நடுத்தரம், 100 முதல் 200 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். செம்மண்ணையும் இதே போலப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வேளாண் துறை மண் பரிசோதனை அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டியவர்கள் உண்டு. அது தென்னைக்கும் கடலைக்கும் தழைச்சத்து, மணிச்சத்து சொல்லும் அட்டை. சுமை தாங்கும் திறனைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது.

இப்போது பாறைக்கு வருவோம். மேஸ்திரிகள் அதிகம் ஏமாறும் இடம் இது. கடப்பாரை "ணங்" என்று தெறித்ததும், "பாறை வந்துருச்சுங்க" என்று வேலையை நிறுத்திவிடுவார்கள். நம் பகுதிப் பாறை பெரும்பாலும் நைஸ் வகை. கோடு கோடாக அடுக்குத் தெரியும் பழம்பாறை. அது ஒரே பலகையாக மக்குவதில்லை. வெடிப்புகளின் வழியே தண்ணீர் இறங்கி, வெடிப்பை ஒட்டிய பாகம் முதலில் மண்ணாகும். நடுவில் மக்காத உருண்டைகள் தங்கிவிடும். ஆகவே நீங்கள் தட்டியது அடிப்பாறையாகவும் இருக்கலாம், சுற்றிலும் உதிர்மண் சூழ்ந்த ஒரு குண்டுக்கல்லாகவும் இருக்கலாம். குண்டுக்கல் ஆள் உயரம்கூட இருக்கும். அதன் மேல் ஒரு தூண், பக்கத்து மண்ணில் ஒரு தூண் என்று வைத்தால் நான் மேலே சொன்ன எருத்தேம்பதி வீட்டுக் கதைதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சுத்தியலால் தட்டினால் கெட்டிப் பாறை மணி போல ஒலிக்கும், மக்கிய பாறை "பொத்" என்று சொல்லும். ஆனால் ஒலி மட்டும் போதாது, குண்டுக்கல்லும் மணி போலத்தான் ஒலிக்கும். கம்ப்ரசர் வைத்துக் கல் துளைப்பவரைக் கூப்பிட்டு, தூண் வரும் இடங்களில் பாறைக்குள் ஆறடி ஆழத்துக்குத் துளை போடச் சொல்லுங்கள். துளைக்கும் வேகம் ஒரே சீராக இருந்து, ஒரே நிறத் தூள் வந்துகொண்டே இருந்தால் அடிப்பாறை. இரண்டு, மூன்றடியில் ராடு திடீரென்று வழுக்கிக்கொண்டு இறங்கினால், தூள் செம்மண் நிறத்துக்கு மாறினால், அது குண்டுக்கல், அல்லது கீழே மண் நிறைந்த வெடிப்பு. நான் இதை எல்லாத் தூணுக்கும் செய்யச் சொல்வேன். செலவு குறைவு, கிடைக்கும் நிம்மதி பெரிது.

இதற்கு மேல் முறையான மண் ஆய்வு வேண்டுமா என்றால், உங்கள் மனைக்கு வேண்டும் என்பேன். முழுக்கச் சரளையோ முழுக்கப் பாறையோ ஆக இருந்தால் குழியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருப்பேன். கரிசல் பக்கம் இரண்டு துளை, பாறை சரியும் இடத்தில் ஒன்று. இதற்காகும் செலவு, வீட்டின் மொத்தச் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. கோவையிலும் பாலக்காட்டிலும் இதைச் செய்யும் ஆய்வகங்கள் இருக்கின்றன. அவர்கள் செய்யும் முக்கியச் சோதனை எஸ்பிடி (SPT) எனும் ஊடுருவல் சோதனை. 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் மண்ணில் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று எண்ணுவார்கள். முதல் 15 சென்டிமீட்டரை விட்டுவிட்டு அடுத்த 30 சென்டிமீட்டருக்கான எண்ணிக்கையைத்தான் "N மதிப்பு" என்பார்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் கடைசிப் பக்கத்தில் தாங்குதிறன் எத்தனை டன் என்று மட்டும் பார்க்கிறார்கள். உங்கள் மனையில் அந்த எண் ஏமாற்றும். காய்ந்த கரிசலில் மே மாதம் எஸ்பிடி செய்தால் எண்ணிக்கை நன்றாகவே வரும், 15 டன், 20 டன் என்று எழுதியும் கொடுப்பார்கள். அதே மண் நவம்பரில் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். ஆகவே ஆய்வுக்கு முன்பே சொல்லிவையுங்கள்: வீக்க எண், வீங்கும் அழுத்தம், நீர்மை எல்லை (எவ்வளவு ஈரத்தில் மண் குழம்பாகிறது), நெகிழ்வு எண் (எவ்வளவு ஈர வித்தியாசம் வரை மண் பிசையும் பதத்தில் நிற்கிறது) இவை நான்கும் அறிக்கையில் வேண்டும். ஈரப்பதம் எந்த ஆழத்தில் எவ்வளவு என்பதும் வேண்டும். பாறையில் கோர் (துளைத்து எடுக்கும் உருளை மாதிரி) எடுத்தால், 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமான துண்டுகளைக் கூட்டி, துளைத்த நீளத்தோடு ஒப்பிட்டு ஆர்க்யூடி (RQD, பாறைத் தர எண்) என்று சதவீதம் போடுவார்கள். 75க்கு மேல் நல்ல பாறை, 25க்குக் கீழ் மிக மோசமாக நொறுங்கிய பாறை. வீட்டுக்கு 50 இருந்தாலே தாராளம்.

இவ்வளவு தெரிந்த பிறகு முடிவு சுலபம். உங்கள் கிழக்குப் பக்கத்தில் கெட்டித் தரை எட்டு, ஒன்பது அடிக்குள் கிடைத்தால் பைல் வேண்டாம். தூண் வைத்த கட்டடமாகத் திட்டமிட்டு, எல்லாத் தூணையும் கரிசலைக் கடந்து அந்தக் கெட்டித் தரையில் ஊன்றுங்கள். பாறை சரிவாக இருக்கும் இடத்தில் சரிவின் மேல் அப்படியே கான்கிரீட் போடக் கூடாது. படிபடியாக மட்டமாக வெட்டி, கம்பி ஊன்றி, பிறகுதான் கடைக்கால். வெடி வைத்தால் நொறுங்கி ஆடும் கல்லையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும். அனுமதி, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் யோசித்தால் பிரேக்கர் வைத்து உடைப்பதே மேல்.

கரிசல் 12 அடிக்கு மேல் போகிறது என்றால் உங்கள் மாமனார் சொன்னது சரி. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே அண்டர் ரீம்டு பைலை உருவாக்கியது. தண்டின் அடியில் குமிழ் போல விரிந்து, மண் தூக்கினாலும் பிடித்துக்கொள்ளும். குமிழின் விட்டம் தண்டைப் போல இரண்டரை மடங்கு. ஆழமான கரிசலில் 3.5 மீட்டருக்குக் கீழே மண்ணின் பருவ அசைவு ஏறக்குறைய நின்றுவிடும், அதனால் பைல் குறைந்தது அவ்வளவு நீளம் இருக்க வேண்டும். இதில் நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பைல் மேல் போடும் பீமை மண்ணோடு ஒட்டிப் போட்டுவிடுவார்கள். பீமுக்கு அடியில் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் மண் வீங்கிப் பீமையே தூக்கும், பைல் போட்டதே வீண்.

ஒரு பக்கம் பாறை மேல் தூண், மறுபக்கம் பைல் என்று கலந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், இரண்டுக்கும் நடுவே தரையிலிருந்து கூரை வரை ஒரு இணைப்பு இடைவெளி விட்டு வீட்டை இரண்டு கட்டடமாகவே கட்டுவது நல்லது. திட்டத்தைச் சற்று மாற்றி வீடு முழுவதையும் மேற்கே தள்ள முடியுமா என்று அதற்கு முன்பே பாருங்கள். 14 சென்டில் அதற்கு இடமிருக்கும். கிழக்கில் முற்றமும் தென்னையும் வரட்டும். என்னைக் கேட்டால், நான் முதலில் இதைத்தான் முயல்வேன்.

எப்படிக் கட்டினாலும் எல்லாத் தூணையும் சுற்றிக் கட்டும் பெல்ட் கான்கிரீட்டை விட்டுவிடாதீர்கள். 1900ஆம் ஆண்டு கோவைப் பக்கம் வந்த பெரிய நிலநடுக்கத்தையும், 1994 டிசம்பரில் வடக்காஞ்சேரிப் பக்கம் ஏற்பட்ட நடுக்கத்தையும் நினைத்தால் நமக்கும் அது தேவைதான்.

தோண்டிய கரிசலையே வானத்தில் திரும்பத் தள்ளாதீர்கள், பேஸ்மென்ட் உள்ளேயும் நிரப்பாதீர்கள். தூண் நின்றுவிடும், தரை டைல்ஸ் மட்டும் நடுவில் மேடாகும். சரளை மண் கொண்டுவந்து அரையடிக்கு அரையடி தண்ணீர் ஊற்றி இடித்து நிரப்புங்கள். வீட்டைச் சுற்றி ஐந்தடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் தளம் போட்டால் சுவரோரம் ஈரம் மாறாமல் இருக்கும். உறிஞ்சு குழி, தென்னைப் பாத்தி, துணி துவைக்கும் கல் எல்லாம் கரிசல் பக்கச் சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும். வேம்பும் கோடையில் மண்ணின் ஈரத்தை இழுக்கும், 20 அடியாவது விலக்கி வையுங்கள்.

கடைக்கால் குழிகள் தோண்டி முடிந்த அன்று, கான்கிரீட் கொட்டும் முன், உங்கள் இன்ஜினியரை ஒவ்வொரு குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு மழை வந்து குழியில் தண்ணீர் நின்றுவிட்டால், இறைத்துவிட்டு அடியில் குழைந்த மண்ணை வழித்தெடுத்த பிறகுதான் கான்கிரீட். மேஸ்திரி அவசரப்படுத்துவார். லாரி நின்றுகொண்டிருந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.